அண்ணன் தலைமாட்டில் நட்ட செடி

காலை 5.50. கோவை ரயில் சென்ட்ரலுக்குள் நுழையும்போது தூறிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருக்கும் மூர் மார்க்கெட் வளாகத்துக்கு நடந்து, பத்து ரூபாய் கொடுத்து ஆவடிக்கு மின்சார ரயில் சீட்டு வாங்கினேன். தூரம் இருபத்துநாலு கிலோமீட்டர். சனிக்கிழமை என்பதால் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று ஒருவன் பயணக் கட்டுரை எழுதினால் நாலு பேர் சிரிப்பார்கள். அருவி கிடையாது, கோட்டை கிடையாது. இருப்பது தொழிற்பேட்டையும் ஏரிகளும் நெடுஞ்சாலையும்தான். அந்த ஒரு நாளில் நான் போன தூரத்தைக் கூட்டினால் நூறு கிலோமீட்டர் தேறாது. ஆனாலும் எழுதுகிறேன். என் பிழையை எங்காவது எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் இருபத்தாறு வருடமாக ஆய்வக உதவியாளர். உலர்ந்த செடிகளை அட்டையில் ஒட்டிப் பெயர்ச்சீட்டு எழுதுவது என் வேலை. படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. இருந்தாலும் பெயர் தெரியாத இலையைத் தூக்கிக்கொண்டு பேராசிரியர்களே என் மேசைக்குத்தான் வருவார்கள். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. தலைக்கனம் என்று துறையில் முதுகுக்குப் பின்னால் பேசுவதும் தெரியும்.

இந்தப் பயணத்துக்கு இரண்டு காரியங்கள். முதலாவது, துறைக்காக ஒரு பட்டியல். மலைப்புதர்கள் போல ஊசியாகவும் செதிலாகவும் பொடி இலை விடும் செடிகள் ஒரு கூட்டம். புல்லைக் கட்டித் தலையில் கவிழ்த்தது போல இலை விடும் மரங்கள் இன்னொரு கூட்டம். இந்த இரண்டுக்கும் நர்சரிக்கு நர்சரி ஒரு பெயர். ஒரே பெயரில் நாலு செடி, ஒரே செடிக்கு நாலு பெயர். பூந்தமல்லிக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையோர நர்சரிகளில் என்னென்ன பெயர் புழங்குகிறது என்று குறித்து வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது, என் அண்ணன் லூர்துவின் கல்லறைக்கு அன்று மாலை நாலு மணிக்குக் கல் வைக்கிறார்கள். சாமியார் வந்து மந்திரிக்கிறார். பன்னிரண்டு வருடம் கழித்து இப்போதுதான் அந்தக் கல் கைகூடியது.

7.15. ஆவடி. நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோ, பருத்திப்பட்டுக்கு இருபது ரூபாய். ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக் கூட்டம். அண்ணி வீடு ஏரிக்குப் பின்னால் இரண்டாவது தெரு, மாடியில் ஒற்றை அறையும் சமையல்கட்டும்.

அண்ணி பெயர் ரோசலின். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல். அண்ணன் அதே எஸ்டேட்டில் லேத் பட்டறையில் இருந்தான். ஒரு கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் பட்டறையிலிருந்து திரும்பும்போது லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான். அப்போது அண்ணி பிரசவத்துக்காகத் திண்டிவனத்தில் தாய் வீட்டில். மகள் ஜெனி பிறந்து ஒன்பது நாள். நான் பேராசிரியரோடு செடி சேகரிக்க அந்தமானில் இருந்தேன். பச்சை உடம்புக்காரியான அண்ணியும் அடக்கத்துக்கு வரவில்லை, நானும் வரவில்லை. புதைத்ததும் தலைமாட்டில் செடி நட்டதும் பட்டறைக்காரர்கள்தான்.

செடி நட்டதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு வைக்கும் மரம் பெரும்பாலும் சவுக்குக் கிளைதான். சிலர் தொட்டியில் சவுக்குக் கன்றே வைப்பார்கள். டிசம்பரில் சாவு விழுந்தால், அந்த வீட்டில் நின்ற மரத்தையே கல்லறையின் தலைமாட்டில் நட்டுவிடுவது எங்கள் சனத்தில் ஒரு வழக்கம். அண்ணனுக்கும் அப்படித்தான் நட்டார்கள். மரச்சிலுவை முதல் மழைக்காலத்திலேயே உளுத்துப் போனது. அடையாளம் என்று மிஞ்சியது அந்தச் செடி ஒன்றுதான்.

"வாங்க தம்பி, ரயில்ல தூங்குனீங்களா?" என்றார் அண்ணி. முகத்தில் கல்யாண வீட்டுக் களை. "இன்னிக்கு நீங்க இல்லாம நடக்கக் கூடாது. உங்களாலதான் அவர் இருக்கற எடமே எனக்குத் தெரிஞ்சுது."

அது உண்மைதான். அடுத்த நவம்பர் இரண்டாம் தேதி, முதல் கல்லறைத் திருநாளுக்குக் கைக்குழந்தையோடு போன அண்ணி, அங்கிருந்து எனக்குப் போன் செய்தார். பட்டறைக்காரர்கள் சொல்லியனுப்பிய வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் இரண்டு செடிகள் இடுப்புயரத்துக்கு நின்றிருந்தன. இரண்டும் சாம்பல் பச்சை, இரண்டும் ஊசி ஊசியாக. எது நம்முடையது என்று அழுதார். நான் கோவையில் என் மேசையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு குச்சியைப் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொன்னேன். சவுக்கு கணுக்கணுவாகக் கழன்று வரும், மறுபடி செருகினால் உட்காரும். சின்ன வயதில் எங்கே ஒட்டு என்று கேட்டு விளையாடியிருக்கிறோம். ஒன்று கழன்றது, மற்றது கழலவில்லை. "கழன்றதுதான் சவுக்கு. அதுதான் நம்ம அண்ணன்" என்றேன். பேச்சு முடிய மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் கம்பெனிக்கு லீவு போட்டு அந்தச் சவுக்கடியில் மெழுகுவர்த்தி ஏற்றி, மாலைவரை உட்கார்ந்து, வருடக் கதையெல்லாம் அண்ணனிடம் சொல்லிவிட்டு வருவார். நானும் வருடா வருடம் பருத்திப்பட்டு வீட்டுக்கு வருவதுண்டு. கல்லறைக்குப் போனதில்லை. அடுத்த முறை, அடுத்த முறை என்றே ஓடிவிட்டது.

"அப்பா மெமரி கார்டு கெடச்சிருக்கு சித்தப்பா" என்றாள் ஜெனி. டிசம்பரில் பன்னிரண்டு முடிகிறது. அண்ணனின் அதே பல்வரிசை. "பழைய பெட்டியில இருந்துச்சு. செல் கடை அண்ணன் அதுலருந்து போட்டோ எடுத்துக் குடுத்தாரு. நான் பொறந்தப்ப அப்பா எனக்குன்னு மரம் வாங்கி, பக்கத்துல நின்னு எடுத்த போட்டோ."

"பூந்தமல்லியில பிரேம் போடக் குடுத்திருக்கேன்" என்றார் அண்ணி. "நீங்க அந்தப் பக்கம்தானே போறீங்க, வாங்கிக்கினு வந்துருங்க. கல்லுக்குப் பக்கத்துல வெச்சு மந்திரிக்கணும். கடைக்காரன் செல்லுலருந்து நேரா எடுத்துக்கினான், நான் ஒருக்காதான் பாத்தேன். அவர் மூஞ்சத் தவிர ஒண்ணுமே கண்ணுல படல."

கிளம்பும்போது வாசல்வரை வந்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கல்லுல அவர் பேருக்குக் கீழ கொஞ்சம் எடம் காலியா விடச் சொல்லியிருக்கேன் தம்பி. எனக்கும் அதே குழிதான். எழுதியே குடுத்துட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

10.00. நசரத்பேட்டை. பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லிக்குப் பஸ், அங்கிருந்து பெங்களூர் சாலையில் ஷேர் ஆட்டோ. எல்லாம் சேர்த்துப் பதினொரு கிலோமீட்டர் இருக்கும், நாற்பது ரூபாய் ஆனது. கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் சேற்றுக்கும் பச்சை வலைக்கும் நடுவே நர்சரிகள் வரிசையாக இருந்தன. நான் நுழைந்த இரண்டாவது நர்சரியை நடத்துபவர் சரோஜா என்ற அம்மாள். ரெயின்கோட்டுக்கு மேலே பூ வைத்திருந்தார்.

என் பட்டியல் மளமளவென்று நிரம்பியது. விசிறி விசிறியாகச் செதில் இலை விடும் துஜாவுக்கு இங்கே பெயர் மோர்பங்கி. பொடி இலையும் ஊதாப் பூவுமாகத் தரையோடு வளரும் கூபியாவுக்கு 'பார்டர் செடி'. அடியில் குண்டாகப் பருத்து, உச்சியில் புல்லாகத் தொங்கும் நோலினாவைக் காட்டிக் கேட்டேன்.

"புல்லு மரம். படிச்சவங்க பாட்டில் பாம்னுவாங்கோ" என்றார் சரோஜா.

"அது பாமே இல்லம்மா. பனைக்கும் அதுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது."

"இருந்துட்டுப் போவட்டும் சார். நானூத்தம்பது ரூவா. அதுக்குப் பேரு தெரிஞ்சா இன்னா, தெரியாட்டி இன்னா, தண்ணி ஊத்துனா வளரப்போவுது."

இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெயர் தெரியாமல் செடி விற்பது கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து கொடுப்பதற்குச் சமம் என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே பைகளுக்கு மண் நிரப்பினார். அப்போதுதான் வலைக்குக் கீழே ஓரத்தில் பதினைந்து இருபது கன்றுகளைப் பார்த்தேன். சாம்பல் பச்சைத் தூவல் இலை, நுனியில் இளஞ்சிவப்புப் பூங்கதிர்கள். ஆற்றுமணலிலும் உப்புத் தரையிலும் தானாக வளரும் சிறுசவுக்கு. சவுக்குக் குடும்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இலையை நக்கினால் உப்புக் கரிக்கும்.

"இத்த எதுக்கும்மா வளர்க்கறீங்க?"

"கிறிஸ்துமஸ்ஸுக்கு சார். ரொம்ப வருசமா போட்டுக்கினு கீறோம். அம்பத்தூரு, ஆவடிலேர்ந்து வந்து தூக்கிக்கினு பூடுவாங்கோ. டிசம்பர்ல தானாப் பூக்குமா, பல்பு கட்டவே தேவயில்ல."

நான் சிரித்துவிட்டேன். உப்புச் செடியைக் கிறிஸ்துமஸ் மரமென்று வாங்கிப் போகிற சனத்தை நினைத்து உண்மையிலேயே வாய்விட்டுச் சிரித்தேன். 'கிறிஸ்துமஸ் செடி, தவறான பெயர்' என்று பட்டியலில் குறித்து, அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

12.20. பூந்தமல்லி. பஸ் நிலையத்துக்குப் பின்னால் சந்தில் பிரேம் கடை. கடைக்கார காதர் பாய் செய்தித்தாளில் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். ரோசலின் அனுப்பினார்கள் என்றதும், "மழைங்க, ஓரத்துல பிளாஸ்டிக் சுத்தியிருக்கேன். பிரிச்சுப் பாத்துருங்க, அப்புறம் கண்ணாடி ஒடஞ்சிருக்குன்னு சொல்லக்கூடாது" என்று அவரே நூலை அறுத்துப் பிரித்தார்.

அண்ணன் லுங்கியும் புதுச்சட்டையுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் பெயிண்ட் வாளி, வெள்ளை, பக்கவாட்டில் ஜிகினாத்தாளில் வெட்டிய நட்சத்திரம். வாளியில் செடி. செடி முழுக்க இளஞ்சிவப்புப் பூ.

சவுக்கு அப்படிப் பூக்காது. ஆயுளுக்கும் பூக்காது. அதன் பூ, பூ என்று சொன்னாலொழியத் தெரியாத பழுப்புக் குஞ்சம். இருபத்தாறு வருடத்தில் என் கையால் பத்துச் சிறுசவுக்காவது அட்டையில் ஒட்டியிருப்பேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். துடைத்ததால் பூ போய்விடவில்லை.

"இன்னா சார், பளிச்சுனு வந்துருக்குல்ல?" என்றார் காதர் பாய். "பூவெல்லாம் நல்லா எடுப்பா தெரியட்டும்னுதான் மெரூன் பிரேம் போட்டேன். உங்க அண்ணனா? அல்லா அவருக்கு நல்ல எடம் குடுக்கட்டும்."

அறுநூற்றைம்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு அந்தச் சந்திலேயே ஒரு ஓரமாக நின்றேன். அண்ணியின் இன்னொரு போனும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தியது. பக்கத்துக் குழிச் செடி அடர்ந்துபோய் நம் குழிமேல் சாய்கிறது, மெழுகுவர்த்தி ஏற்ற முடியவில்லை, அதற்கு யாரும் வருவதுமில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டார். நான் அப்போது ஏதோ அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். "அது உப்புச் செடி, தானாக முளைத்திருக்கும். பிடுங்கச் சொல்லுங்க" என்றேன்.

1.10. முத்தாபுதுப்பேட்டைப் பக்கம், கல்லறைக்குப் போக ஆட்டோ பிடித்தேன். பதினாறு கிலோமீட்டர், முந்நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசாமல் ஏறியதால் ஓட்டுநருக்கே சந்தேகம்.

"இன்னா அண்ணாத்தே, மூஞ்சே செரியில்ல. வாந்தி கீந்தி வர்ற மாதிரி கீதா? ஓரங்கட்டவா?"

"இல்லப்பா, போ."

"மடியில போட்டோ. யாரு, காலமாயிட்டாரா?"

"அண்ணன்."

"எப்போ?"

"பன்னிரண்டு வருசம்."

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய சாவுக்கு இப்போது அழுகிறானே என்று நினைத்திருப்பார். ஆவடியைத் தாண்டும்போது மழை வலுத்தது. ஒருவேளை, ஒருவேளை என்று ரோடெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பட்டறைக்காரர்கள் இந்தச் செடியை விட்டுவிட்டுச் சவுக்கு வாங்கி நட்டிருக்கலாம். அல்லது இரண்டையும் நட்டிருக்கலாம். ஆதாரமில்லாத மாதிரிக்குப் பெயர் தேடும் மாணவர்களை நான் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன் என்பதும் கூடவே ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

2.00. எந்தக் கல்லறைத் தோட்டம் என்று எழுதப்போவதில்லை. யார்மீதும் புகார் சொல்வதற்கில்லை. இடம் குறைவு, சாவு நிறைய. வருடக்கணக்காகக் கல்லோ சிமெண்டுச் சிலுவையோ வைக்காத குழிகளைத் திறந்து வேறொருவரைப் புதைப்பார்கள். திறக்கும்போது கிடைக்கும் எலும்புகளைக் கோடியில் இருக்கும் பொதுக்குழியில் போட்டுவிடுவார்கள். எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை. கல்லறைத் திருநாள் நெருங்குவதால் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

குழி வெட்டும் ஏழுமலை மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். இங்கே வேலைக்கு வந்து ஆறு வருடம். அண்ணியின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. "ரோசலின் அக்கா ஊட்டுக்காரங்களா? வா சார், எல்லாம் ரெடியா கீது" என்று அழைத்துப் போனார்.

சவுக்கு முப்பது அடி உயரத்துக்கு நின்றது. கீழே மண் மெழுகினாற்போல் சுத்தம். மெழுகு உருகிக் காய்ந்த வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக. கல் உட்கார வேண்டிய இடத்தில் சதுரமாகக் குழி எடுத்து, ஜல்லி கொட்டியிருந்தது. இடதுபக்கம், கைநீட்டினால் எட்டும் தூரத்தில், பச்சை டைல்ஸ் ஒட்டிய புதுக் கல்லறை. யாரோ ஒரு அம்மாளின் பெயர்.

"இந்த எடத்துல ஒரு செடி இருந்ததாமே" என்றேன்.

"ஆமா சார், பிங்க்கா பூக்குமே அதுதானே? ரெண்டு வருசம் ஆச்சு. அக்காதான் புடுங்கிடச் சொல்லிச்சு. செடி போனதும் எடம் சும்மா கெடந்துச்சா, அடுத்த மாசமே ஒரு கேஸு வந்துச்சு, தொறந்துட்டோம்."

"தொறக்கும்போது என்ன இருந்தது?"

"இன்னா இருக்கும்? எலும்புதான். அப்புறம் தலமாட்டாண்ட ஒரு பெயிண்ட் பக்கெட்டு. அடிய அறுத்துட்டு அப்டியே செடியோட பொதச்சிருக்கானுங்கோ. வெள்ள பக்கெட்டு. வேரு உள்ள சுத்திக்கினு, இஸ்து இஸ்து பாத்தேன், வரவே இல்ல."

செய்தித்தாளைப் பிரித்துப் படத்தைக் காட்டினேன். ஏழுமலை குனிந்து பார்த்தார். வாளியில் ஒட்டிய நட்சத்திரத்தைக் கட்டைவிரலால் தொட்டார். நிமிரும்போது அவர் முகம் மாறிவிட்டிருந்தது. "அய்யய்யோ" என்றார். "சார், இத்த அக்காகிட்ட சொல்லாத சார். அது தாங்காது. கல்ல வெச்சுட்டுப் போவட்டும். யாருக்குத் தெரியப்போவுது?"

ஒன்றரை மணி நேரம் எனக்கு இருந்தது. சுவரோரம் உட்கார்ந்து யோசித்தேன். ஏழுமலை சொன்னதில் நியாயம் இருந்தது. சொல்லாமலிருந்தால் அண்ணிக்கு ஒரு இடம் இருக்கும். வருடத்துக்கு ஒருநாள் வந்து உட்காரலாம், பேசலாம். ஆனால் ஒருநாள் முன்பின் தெரியாத யாருடைய எலும்போடோ அண்ணியையும் இறக்கி மூடுவார்கள். மேலே என் அண்ணன் பெயர் இருக்கும். அதை எனக்குத் தெரிந்தே நடக்கவிட வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் உதவாமல் போனதோடு நிற்கவில்லை. அண்ணனைக் குழியிலிருந்து வெளியே எடுத்துப் போட்டிருக்கிறது. நட்டது நம் வீட்டில் வழக்கமாக வைக்கும் மரம்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, பார்க்காத செடிக்குப் பெயர் சொன்னேன்.

3.30. லோடு ஆட்டோ வந்தது. சாக்குக்கு நடுவில் கறுப்புக் கல், இரண்டடிக்கு ஒன்றரை அடி. 'லூர்து' என்று பொன்னெழுத்தில் வெட்டியிருந்தது. அண்ணி பட்டுச்சேலை கட்டியிருந்தார். ஜெனி கையில் செண்டு. கொத்தனார் கலவைக்குத் தண்ணீர் கேட்டார்.

"படம் நல்லா வந்துருக்கா தம்பி?" என்று அண்ணி கைநீட்டினார்.

கொடுப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. கொடுத்துவிட்டேன். அவர் அண்ணன் முகத்தைத் தடவினார், கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். "செடிய பாருங்க அண்ணி" என்றேன்.

"ம், அழகா பூத்திருக்கு."

"சவுக்கு பூக்காது அண்ணி."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. நான் சொல்லிக்கொண்டே போனேன், வாளி, வேர், ஏழுமலை திறந்த குழி எல்லாவற்றையும். வகுப்பில் பையன்களுக்கு விளக்குவது போல வரிசையாகச் சொன்னேன் என்று பிறகு நினைத்துப் பார்க்கும்போது உடம்பு கூசுகிறது. அண்ணி சவுக்கைப் பார்த்தார். பச்சை டைல்ஸைப் பார்த்தார். ஏழுமலை தலையைத் திருப்பிக்கொண்டார்.

"நான்தான் புடுங்கச் சொன்னேன்" என்றார் அண்ணி.

"நான் சொல்லித்தானே அண்ணி சொன்னீங்க. தப்பு என்னோடது."

"நான்தான் நின்னு, வேரோட புடுங்குன்னு சொன்னேன். அதுக்கு அம்பது ரூவா டீக்காசும் குடுத்தேன்." அழவில்லை. சவுக்கைக் காட்டினார். "அப்போ இங்க யாரு?"

யாருக்கும் தெரியாது. பதிவேட்டில் பெயர்கள் இருக்கும், எந்தக் குழி என்று இருக்காது.

"பதினோரு வருசம். இவ பேசுனது, பள்ளிக்கூடம் சேத்தது, எனக்குக் கட்டி ஆபரேசன் ஆனது எல்லாத்தையும் இங்கதான் உக்காந்து சொன்னேன்." என் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு வாட்டி நீங்க வந்து பாத்திருக்கலாம் தம்பி."

குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு எலும்பு எங்கே என்று ஏழுமலையிடம் கேட்டார். அவர் வேண்டாம் அக்கா, வேண்டாம் அக்கா என்றபடியே பின்னால் போனார். கோடியில், சுவரை ஒட்டிச் சிமெண்டு உறை இறக்கிய குழி. மேலே தகரம், அதன் மேல் இரண்டு செங்கல். அண்ணி செங்கல்லைத் தானே எடுத்து வைத்துவிட்டுத் தகரத்தை நகர்த்தினார். ஜெனியைத் தள்ளி நிற்கச் சொன்னார். உள்ளே மழைத்தண்ணீர் கொஞ்சம், மக்கிய சாக்குகள், அவற்றுக்கு நடுவிலும் மேலுமாக எலும்புகள். எல்லாம் ஒரே பழுப்பு.

அண்ணி வெகுநேரம் பார்த்தார். பட்டுச்சேலை சேற்றில் பட்டுக்கொண்டிருந்தது.

"இதுல எது அவரு?" என்றார். "சொல்லுங்க தம்பி. இலையத் தொட்டே இது இன்னதுன்னு சொல்லுவீங்களே. இதுல அவரு எது?"

நான் குனிந்து பார்த்தேன். அவர் கேட்டதால் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

4.10. சாமியார் மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். எந்த இடத்தில் மந்திரிக்க வேண்டும் என்று கேட்டார். கொத்தனார் குழைத்த கலவை இறுகிக்கொண்டிருந்தது. கடைசியில் அண்ணி, கல்லைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார்.

6.05. ஆவடியில் ரயில் ஏறினேன். அவர்கள் வண்டியில் எனக்கு இடம் இருந்தது, யாரும் கூப்பிடவில்லை. அம்பத்தூரில் வேலை முடிந்த கூட்டம் ஏறி நெருக்கியது. நின்றுகொண்டே சென்ட்ரல் வந்தேன். கோவையில் என் துறையில் பன்னிரண்டு பீரோக்கள் இருக்கின்றன. நூறு வருடத்துக்கு முன் எவரோ பறித்த புல்லுக்குக்கூட, எந்த ஊர், எந்த ஓடைக்கரை, யார் பறித்தது என்று சீட்டு உண்டு. கேட்டால் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பேன். என் வீட்டு மனிதன் ஒருவனுக்கு அந்தச் சீட்டு இல்லாமல் செய்தவனும் நான்தான். பட்டியலைத் திங்கட்கிழமை துறையில் ஒப்படைத்தேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

அந்த வாரம் முழுக்க அண்ணி போனை எடுக்கவில்லை. கல்லறைத் திருநாளன்று காலையில் பொறுக்க முடியாமல் ஜெனிக்குக் கூப்பிட்டேன். அம்மா எந்த இடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறார், சவுக்கடியிலா, சுவரோரக் குழியிலா என்று கேட்டேன்.

"எங்கயும் இல்ல சித்தப்பா" என்றாள். "அம்மா கம்பெனிக்குப் போயிட்டாங்க."